எலியோதோரோவின் கடைசிப் பெட்டி

பெரு நாட்டு மோயோபாம்பாவில் காட்டுப் பட்டு அந்துப்பூச்சி பிடிக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களில் பொய் தெரியாத மனுஷன் என்றால் எலியோதோரோ ஒருவர்தான். பிடிப்பது அவர், இறக்கை விரித்து ஊசி குத்துவது மனைவி நெல்வா. இருபது வருடம் அப்படித்தான் லிமா அருங்காட்சியகத்துக்குப் பெட்டிகள் போயின. அவர் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

அவர் விட்டுப்போன கடைசிப் பெட்டியில் ஒரு பூச்சியின் வயிற்றை எறும்பு தின்றிருந்தது. ஒடிந்த வயிற்றை அதே பூச்சியில் திரும்ப ஒட்டலாம். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒன்றின் வயிற்றை இன்னொன்றில் ஒட்டுவதுதான் பாவம். அவராக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். நெல்வாவுக்கு மனசு வரவில்லை. அதே நிறத்தில் இறக்கை கிழிந்து கிடந்த வேறொன்றின் வயிற்றை எடுத்து ஒட்டி, அனுப்பிவிட்டாள்.

இன்று அருங்காட்சியகத்தின் பூச்சி ஆய்வாளர் டாக்டர் மிர்த்தா லிமாவிலிருந்து வந்திருந்தார், அடுத்த வாரம் அச்சேறப் போகும் கட்டுரையோடு. இனம் பிரிப்பது ஆண் பூச்சியின் வயிற்று நுனி உறுப்பை வைத்துத்தான். அந்தக் கடைசிப் பெட்டிப் பூச்சியின் இறக்கையோடு இப்படியொரு உறுப்பை உலகத்தில் யாரும் பார்த்ததில்லையாம். புது இனம். எலியோதோரோ பெயரையே வைத்திருந்தார்.

கொழுந்தன் தியோஃபிலோ தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"அண்ணி, இருந்தவரைக்கும் அண்ணனை இந்த ஊர்ல எவனும் மதிச்சுப் பேர் சொல்லிக் கூப்பிடல. இப்போ லத்தீன்ல கூப்பிடப் போறாங்க."

இலையில் கட்டி அவித்த ஹுவானே சோறு நெல்வாவின் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். அவள் ஒரு பூச்சியின் வயிற்றை இரண்டு வருடம் மறைத்திருக்கிறாள். இன்றும் வாயை மூடிக்கொண்டால் போதும், அவர் பெயர் நிலைத்துவிடும்.

"ஒரே ஒரு இடம்தான் இடிச்சுது," என்றார் டாக்டர். "பூச்சியோட ஒரு காலை ஒடிச்சு மரபணு பார்த்தா பழைய இனம்னே வருது. வயித்துல பசை இருந்துச்சு, ஆனா அது வழக்கம்தானே. ஆய்வகத்துலதான் மாதிரியை மாத்திட்டாங்கன்னு விட்டுட்டேன். எலியோதோரோ பெட்டியில தப்பு வராது."

அதற்குமேல் நெல்வாவால் முடியவில்லை. கணவருடைய நேர்மையே அவளுடைய பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்த வயிறு அதோடதில்ல, டாக்டர். வேற பூச்சியோடது. அவர் போனப்புறம் நான்தான் ஒட்டினேன்."

தியோஃபிலோ கரண்டியைக் கீழே வைத்தான். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. கட்டுரையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இருபது வருஷமா விரிச்சு ஒட்டினது எல்லாம் நீங்கதானே?"

"நான்தான். ஆனா இது ஒண்ணுதான், டாக்டர். சத்தியமா."

"நான் நம்பறேன் நெல்வா. ஆனாலும் இனி அவர் பேர் எழுதின ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சோதிச்சுத்தான் ஆகணும்."

பூச்சிக்கு வைத்த பெயர் போகும் என்று தெரிந்துதான் நெல்வா வாயைத் திறந்தாள். அவர் இருபது வருடம் சம்பாதித்த பெயரும் கூடவே போகும் என்று அவள் நினைக்கவில்லை.