குசினி மெம்பரின் அனுதாப உரை

மறைந்த உறுப்பினர் ஜெமீலுக்கு அனுதாபப் பிரேரணை நிறைவேற்ற அன்று பிரதேச சபை கூடியது. அவர் உயிரோடு இருந்தபோது, பேச எழுந்தாலே வெளியே போய்விடுகிறவர்கள்கூட நேரத்துக்கு வந்திருந்தார்கள்.

உறுப்பினர் நளீமின் சட்டைப்பையில் நான்கு பக்க உரை இருந்தது.

ஏழு வருடங்களுக்கு முன், ஊரில் இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்கு மதில் கட்ட அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர் நளீம். கட்டி முடிந்த கையோடு தேர்தல் வந்தது. எதிர்க்கட்சி மேடையில் ஜெமீல் சொன்னார்: "அந்த மதில்ட கல்லுல பாதி நளீம்ட குசினியிலதான் இரிக்கி!" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் ஊரில் நளீமுக்குக் 'குசினி மெம்பர்' என்று பெயர். அவர் மனைவி றஸ்னா, தான் சமைக்கிற அந்தக் குசினியின் சுவருக்கு வெள்ளை பூசுவதையே விட்டுவிட்டாள். பூசினால் கல்லை மறைக்கிறார்கள் என்பார்களே.

ஜெமீலை அடக்கிய அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவர் மகன் அஹ்ஸன், வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "வாப்பா ஆருக்காவது நோவினை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிக்கங்க." எல்லோரும் மன்னித்தோம் என்று குரல் கொடுத்தார்கள். முன்வரிசையில் நின்ற நளீம் வாய் திறக்கவில்லை. அஹ்ஸன் அதைக் கண்டுவிட்டான்.

சபை கூடுவதற்கு முதல் நாள் நளீமின் வீடு தேடி வந்தான்.

"மாமா, உம்மா வாப்பாக்காக இத்தாவில இரிக்கா. நாலு மாசம் பத்து நாள் வெளியில வர ஏலா. நளீம் காக்கா ஹலாலாக்கினாரா எண்டுதான் ஒரே கேக்கிறா. அவக்கு நித்திரையே இல்ல."

"நாளைக்குச் சபைக்கு வாங்க மகன். அங்க சொல்றன்" என்றார் நளீம். அதன்பிறகுதான் அந்த நான்கு பக்கங்களையும் எழுதினார். கல் இறக்கிய லொறிக்காரர்களின் பெயர்கள்கூட அதில் இருந்தன. மன்னிப்பு கடைசி வரியில் வரும். அதற்கு முன் ஊர் உண்மையைக் கேட்டாக வேண்டும்.

தவிசாளர் ஹிஷாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"கௌரவ உறுப்பினர்ட சேவைக்கு அந்த மையவாடி மதில் ஒண்டே போதும். வெயில்ல நிண்டு கட்டுவிச்ச மனிசன். அதால மையவாடி வாசலுக்கு அவர்ட பேர வைக்கோணும் எண்டு பிரேரிக்கிறன்."

வெயிலில் நின்றவர் நளீம். பக்கத்து ஆசனத்தில் இருந்த சவளக்கடை வட்டார உறுப்பினர் கனகரெத்தினம் குனிந்து, "உங்கட குசினியில கல்லு மிச்சம் கிடந்தா இப்ப குடுத்திருங்க நளீம், வாசலுக்கு உதவும்" என்றார்.

"சும்மா இரிங்க காணும்!"

உரைகளுக்கு நடுவில் சிற்றூழியர் சப்ரி தேத்தண்ணி கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்ததும் நளீமின் முகம் கோணியது.

"என்னடா இது, சீனிப்பாணி மாதிரி? எனக்குச் சீனி வருத்தம் எண்டு தெரியாதா?"

"அல்லாஹ்வே! மன்னிச்சிக்கங்க சேர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஜெமீல் சேர்தான் வந்து ஞாபகப்படுத்துவார். இண்டைக்குச் சொல்ல ஆளில்ல. மறந்திட்டன்."

"ஜெமீலா? என்ன சொல்லுவார்?"

"'நளீம்ட கோப்பையில சீனி போட்டிராத. அவன் படுத்திட்டா நான் ஆரோட சண்டை பிடிக்கிற?' எண்டு."

சப்ரி கோப்பையை எடுத்துக்கொண்டு ஓடினான். இத்தனை காலமும் அந்தச் சீனியில்லாத் தேத்தண்ணியைத் தன் பதவிக்குக் கிடைத்த மரியாதை என்றே நளீம் நினைத்திருந்தார்.

அவர் முறை வந்தது. மேலே, பார்வையாளர் வாங்கிலில் அஹ்ஸன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். உம்மாவுக்காகப் பதிவு செய்கிறான். நளீமின் கை சட்டைப்பைவரை போய், வெறுங்கையாகத் திரும்பியது.

"தவிசாளர் அவர்களே, ஜெமீல் என்ட தேத்தண்ணிக்குச் சீனி போட விடாத மனிசன். அவர்ட சொல்லால எனக்கு வந்த நோவினை எல்லாத்தையும் அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிட்டன். வாசலுக்கு அவர்ட பேர வைக்கிறத வழிமொழியிறன்."

உட்கார்ந்துவிட்டார். சபை விழித்தது. சீனியை எங்கே எழுதுவதென்று தெரியாத செயலாளர், 'வழிமொழிந்தார்' என்று மட்டும் கூட்டறிக்கையில் குறித்துக்கொண்டார்.

வெளியே வாசலில் அஹ்ஸன் வந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டான். "உம்மா இண்டைக்கு நித்திரை கொள்ளுவா, மாமா. நீங்க பெரிய மனசு."

அந்தச் சொல் நளீமைச் சுட்டது. மதில் பொய்க்குப் பதிலடியாக, ஜெமீல் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அரிசியைத் திருடித் தின்கிறார் என்று சலூனில் கதையை ஆரம்பித்துவைத்தவர் நளீம்தான். கண்டவர் யாருமில்லை. அவரும் காணவில்லை. ஆனால் கதை ஊரைச் சுற்றியது.

"மகன், உங்கட வாப்பாவப் பத்தி நான் கதைச்சதும் இரிக்கி. அத ஹலாலாக்கச் சொல்லி இனி ஆருக்கிட்டக் கேக்கிற?"

அஹ்ஸன் கைப்பேசியை மறுபடி வெளியே எடுத்தான். "உம்மாக்கிட்டச் சொல்லிப் பாருங்களன்" என்று பதிவை அழுத்திக் கைப்பேசியை நீட்டினான்.

ஒரு மணித்தியாலம் குறிப்பில்லாமல் பேசக்கூடிய நளீம், இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஸைனம்பு தங்கச்சி, நான் நளீம். அந்தக் கஞ்சி அரிசிக் கதை... அது பொய். நான்தான் கட்டிவிட்ட. ஹலாலாக்கிக்கங்க."

அப்போது படியிறங்கி வந்த தவிசாளரும் வேறு இரண்டு உறுப்பினர்களும் அப்படியே நின்று காது கொடுத்தார்கள். நளீம் அவர்களைக் கண்டார். குரலைத் தாழ்த்தவில்லை.