பழைய திருகு எழுதியது

"இந்தக் காலுக்கு வலிக்குமா?" என்று கேட்டது ஓர் ஏழு வயதுப் பெண் குழந்தை. லாரி ஏறியதில் இடது காலை முட்டிக்கு மேலே இழந்திருந்தது. தான் செய்த புதுக் காலை அதற்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவள், "வலிக்காது கண்ணு. அதனாலதான் நீ அதைப் பத்திரமா பாத்துக்கணும். வலி தெரியாதது எங்க வேணா போய் இடிச்சுக்கும்" என்றாள். பட்டறை மூலையில் மரச்சீவலைக் கூட்டிக்கொண்டிருந்த அவளுடைய மகள் அதைக் கேட்டாள். அப்போது அங்கே வேறு யாரும் இல்லை. சித்தப்பா சரக்கு வாங்க வெளியூர் போயிருந்தார்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தக் கேள்வி சித்தப்பாவிடம் கேட்கப்பட்டதாக இருக்கிறது. பதிலும் அவருடையதுதான். பாரம் ஏறினால் தானே பூட்டிக்கொள்ளும் செயற்கை முழங்காலை அவர் கண்டுபிடித்தார் என்பது அடுத்த வரி. பெண்கள் பட்டறைக்குள் வருவதில்லை என்பது இக்குடும்பத்தின் மரபு என்பது அதற்கும் அடுத்த வரி. முப்பது வருஷம் அந்தப் பட்டறையில் உளி பிடித்துக் கை காய்த்துப்போன அம்மாவைப் பற்றி எந்த வரியும் இல்லை.

அந்தச் சித்தப்பா இன்று காலை ஆறு மணிக்கு இறந்துபோனார். அவருடைய மகள் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து, அன்று சீவல் கூட்டிய மகளின் மடியில் வைத்தாள்.

"அக்கா, பேப்பர்ல போடணும். நாலு மணிக்குள்ள அனுப்பணுமாம். நீயே எழுதிடு. எங்களுக்கெல்லாம் எழுத்து வராது."

அவள் பாடப்புத்தக அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவள். இந்த வீட்டு வாசலை மிதித்து ஏழு வருஷமாகிறது. அம்மா இறந்த எட்டாம் நாள் ஒரு நிருபர் வந்தார். சித்தப்பா பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொன்னார். அது அச்சில் வந்தது. அச்சில் வந்ததை வைத்து யாரோ கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதினார்கள். அன்றோடு அவள் சித்தப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள்.

கட்டுரையை அவள் பதினொரு முறை திருத்தினாள். பதினொரு முறையும் மேற்பார்வையாளர்கள் நீக்கினார்கள். குடும்பத்தார் சொல்வது சான்றாகாது, அச்சில் வந்த ஆதாரம் காட்டவும் என்று மரியாதையாக எழுதினார்கள். சீவல் கூட்டிக்கொண்டே கண்ணால் கண்டது சான்றில்லை. சித்தப்பா வாயால் சொன்ன பொய், மை தடவியிருந்ததால் சான்று.

பிறகு 'பழைய திருகு' என்ற பெயரில் ஒருவர் கட்டுரைக்குள் வந்தார். வந்ததும் பட்டறை தொடங்கிய வருஷத்தைச் சரி செய்தார். அது வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த வருஷம். சித்தப்பாதான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தன்னையும் அவர் தெரிந்துகொள்ளட்டும் என்று அவள் தன் பெயரை 'சீவல் கூட்டியவள்' என்று மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு பழைய திருகு எதை எழுதினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அழித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுகூட இல்லை. பெயரைப் பார்ப்பாள், பொத்தானை அழுத்துவாள். அச்சகத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை என்று பெயரெடுத்தவள், இதை மட்டும் படிக்காமல் அழித்தாள். நாலு முறை அப்படி. ஒவ்வொரு முறையும் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

இப்போது அச்சே அவள் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உள்ளறையில் போய் உட்கார்ந்து எழுதினாள். பெயர், வயது, இன்று காலை காலமானார். அதன் கீழே, 'இவர் பெயரால் அறியப்படும் முழங்காலைச் செய்தவர் இவருடைய அண்ணி. அண்ணி இறந்த எட்டாம் நாள் இவர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டார்.' மூன்று முறை படித்தாள். ஒரு பிழையும் இல்லை. கூடத்தில் அவர் படுத்திருந்தார். எழுந்து வந்து மறுக்க முடியாது. அதுவும் அவளுக்கு இனிப்பாக இருந்தது. மனம் கசந்தவருக்குக் கசப்புதான் கற்கண்டு.

பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எழுதிக் கொடுப்பதை மாற்றுவீர்களா என்று கேட்டாள். விளம்பரப் பிரிவில் இருந்தவர், ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டோம் என்றார். பிறந்த தேதியும் வேண்டும் என்றார். பிறகு, "ஏதாவது குடிச்சீங்களாம்மா? இந்த மாதிரி நேரத்துல மறந்துடுவாங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றார். அவள் இணைப்பைத் துண்டித்தாள். ஆனாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

பிறந்த தேதி சித்தப்பாவின் மேசை இழுப்பறையில் இருக்கும் என்று அவர் மகளான தங்கை கைகாட்டினாள். இழுப்பறையில் அளவுவாரியாகத் திருகுகள், மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை. அட்டைக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள். பென்சிலில், பட்டறையில் அளவு குறிக்கும் அதே கோணல் எழுத்து.

'இந்த முழங்காலைச் செய்தது என் அண்ணி. மடக்கு நாற்காலியின் கொக்கியைப் பார்த்து, அவரே யோசித்துச் செய்தார். நான் விற்கப் போனேன். பேர் எனக்கு வந்தது, வாங்கிக்கொண்டேன். குழந்தைக்குப் பதில் சொன்னதும் அண்ணிதான், நான் ஊரில் இல்லை.'

அதற்குக் கீழே தேதிகள்.

'போட்டேன். பாப்பா எடுத்துவிட்டாள்.'

'மறுபடி போட்டேன். பாப்பா எடுத்துவிட்டாள்.'

இப்படி நாலு வரி. பாப்பா என்று அவளைக் கூப்பிட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். தேதிகளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நன்றாகச் சாப்பிட்ட நாட்கள்.

தங்கை வாசற்படியில் வந்து நின்றபோது அவள் தாளை மடித்திருந்தாள்.

"கெடச்சுதாக்கா?"

"ம்."

"இந்த மேசையிலதான் மத்தியானம் பூரா உக்காந்திருப்பாரு. ஒத்த விரலால தட்டித் தட்டி ஏதோ எழுதுவாரு. கோழி கொத்தற மாதிரி இருக்குன்னு நாங்க சிரிப்போம். எழுதி முடிச்சா யாரோ அழிச்சுடறாங்கன்னு சொல்வாரு. யாருப்பா அந்தப் பொல்லாத ஆளுன்னா, தெரியலம்மா, யாரோன்னுவாரு."

அவள் இழுப்பறையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் எனக்கே கோவம் வந்து, அந்த ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும்னேன். அதுக்கு, வேணாம்மா, பாவம், அவங்களுக்கு என்ன மனக்கஷ்டமோங்கறாரு. இவரோட முடியுமா, சொல்லு."

"முடியாது" என்றாள் அவள்.

தங்கை போனதும் முதலில் எழுதிய காகிதத்தைக் கிழித்தாள். அவரை மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. அம்மா போன எட்டாம் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியவரும் இவர்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. புதுக் காகிதத்தில் எழுதினாள். 'தம் பெயரால் அறியப்பட்ட முழங்காலைச் செய்தவர் தம் அண்ணியே என்று தம் கையால் எழுதிவைத்துச் சென்றவர்.'

அனுப்பும் முன் தங்கையிடம் காட்டினாள். தங்கை மெல்ல உதடசைத்துப் படித்தாள்.

"நெஜமாக்கா இது? பெரியம்மாவா செஞ்சாங்க?"

"அவரே எழுதி வச்சிருக்காரு."

தங்கை கொஞ்ச நேரம் கூடத்துப் பக்கம் பார்த்தாள். "இதத்தான் திரும்பத் திரும்ப எழுதினாரோ என்னவோ. அனுப்பு. பேப்பர்ல வந்துட்டா அந்தப் பொல்லாத ஆளால கை வைக்க முடியாதுல்ல?"

"கை வைக்கமாட்டாங்க."

பென்சில் தாளை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்த இடத்திலேயே, அடையாள அட்டைக்கு அடியில் வைத்தாள். தங்கை என்றைக்காவது அதைப் படிப்பாள். படிக்கட்டும்.

மறுநாள் காலை அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் வீட்டில் எல்லாரும் கிடைத்த இடத்தில் கண்ணயர்ந்திருந்தார்கள். தங்கை கூடத்தில் வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அவருடைய மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். பக்கத்தில் அன்றைய பத்திரிகை, மை வாசனையோடு.

கட்டுரையில் புதிதாக எழுதலாம். வருஷக்கணக்காக மனப்பாடமாக இருக்கும் வாக்கியங்கள் அவளிடம் இருந்தன. அழகான, பிழையில்லாத வாக்கியங்கள். அவற்றை எழுதவில்லை. பழைய திருத்தங்களின் பட்டியலுக்குப் போய், பழைய திருகு கடைசியாக எழுதியதைத் தேடி எடுத்தாள். முதல் தடவையாக அதை முழுதும் படித்தாள். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. ஒரு வாக்கியம் முடியாமல் அடுத்த வாக்கியத்தின் மேல் சாய்ந்திருந்தது. அவள் எதையும் தொடவில்லை. பத்திரிகையின் தேதியையும் பக்க எண்ணையும் மட்டும் சான்றாகச் சேர்த்து, அவர் எழுதியதை அப்படியே மீட்டாள். திருத்தத்துக்கான காரணம் என்று கேட்ட கட்டத்தில், 'தவறாக நீக்கப்பட்டது' என்று தட்டினாள். ஒற்றை விரலால்.

பக்கம் ஒருமுறை வெளுத்துத் திரும்பி வந்தது. கணினியை மூடினாள். வந்தவர்கள் குடித்த டம்ளர்கள் குழாயடியில் குவிந்து கிடந்தன. தூங்குகிறவர்களின் கால்களைத் தாண்டி அடிமேல் அடி வைத்துப் போய், சத்தம் வராதபடி தண்ணீரை நூலாகத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள்.