மூன்றாம் தடத்துத் தண்ணீர்

வட்டாரப் படகுப் போட்டியில், பெண்கள் இருவர் படகின் இறுதிச் சுற்றில், மூன்றாம் தடத்தில் நின்ற படகு கொடி இறங்கிய பிறகும் நகரவில்லை. துடுப்புகள் தண்ணீருக்குள் போயின, இழுக்கப்பட்டன, வெளியே வந்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கத்துக்கு ஒரு சுழி ஒழுங்காக உண்டாகிக் கலைந்தது. படகு மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. மற்ற படகுகள் எல்லையைத் தாண்டிக் கரைக்கு வந்து, அதிலிருந்தவர்கள் முகம் கழுவித் துடைத்துக்கொண்ட பிறகும் இந்த இருவரும் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவர் மோட்டார் படகில் போய்ப் பார்த்தார். அடியில் பாசி சிக்கவில்லை, கயிறு சிக்கவில்லை. கயிறு கட்டி முன்னால் இழுத்தார்கள், கயிறு அறுந்தது. யாரோ கழியால் பக்கவாட்டில் தள்ளியபோது மட்டும் படகு காய்ந்த இலை போல வழுக்கி நான்காம் தடத்துக்குப் போனது. அங்கிருந்து எல்லாப் படகையும் போல ஓடியது. அடுத்த சுற்றில் ஆண்களின் நால்வர் படகை மூன்றாம் தடத்தில் விட்டுப் பார்த்தார்கள். நான்கு தடியர்கள் மூச்சு வாங்கத் துடுப்பு வலித்தும் அதே கதைதான். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். வழியை மறித்து நிற்கும் கார்களின் எண்ணைப் படிக்கிற அதே குரலில், மூன்றாம் தடம் இன்றைக்கு உபயோகத்தில் இல்லை என்று அறிவித்தார்.

அந்தப் படகில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் அப்போது வீட்டில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளை ஊரில் ரொட்டிக்காரி என்பார்கள். அடுமனையின் வேனை ஓட்டிக்கொண்டு கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்குவது அவள் வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளை இடுப்பில் சாய்க்காமல் தோள்பலத்திலேயே தூக்குவாள். கல்யாணமாகி வந்த வீட்டில் பேச்சு குறைவு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார், படகுக் கழகத்துக்குச் செயலாளர். ஊர்க்காரர்களின் பார்வையை எல்லாம் சோதிப்பவர், சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவருடைய தங்கை பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். இந்த நாத்தனார்தான் முதல் வருடமே, "அண்ணி, உங்க தோளைப் பாத்தா ஆசையா இருக்கு, படகுக்கு வரீங்களா?" என்று கேட்டு இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ரொட்டி இறக்கி முடித்த கையோடு ரொட்டிக்காரி ஆற்றுக்குப் போவாள், பல் மருத்துவமனை திறக்கும் முன் இருவரும் ஒரு சுற்றுப் போய் வருவார்கள்.

துடுப்புப் படகில், போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அண்ணி முன்னால், நாத்தனார் அவள் முதுகுக்குப் பின்னால். முன்னால் இருப்பவள் தாளத்தைப் பிடிப்பாள், பின்னால் இருப்பவள் அதைப் பார்த்து வலித்து, திரும்பித் திரும்பி வழியையும் பார்த்துக்கொள்வாள். ஆளுக்கு ஒரே துடுப்பு. ஒருத்தி நிறுத்தினால் படகு வட்டமடிக்கும். முகத்தைப் பார்க்காமல் பேசுவது ரொட்டிக்காரிக்கு வசதியாக இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் எதிரே விரிந்து போகும் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வலிப்பாள். குழந்தை தங்காமல் போனதை அப்படித்தான் சொன்னாள். பின்னாலிருந்து பதில் வராது, துடுப்பு மட்டும் ஒரு இழுப்புக் கூடத் தவறாமல் கூடவே வரும். அதுவே போதுமானதாக இருந்தது. வருடக்கணக்காக வட்டாரப் போட்டியில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார்கள். இந்த வருடம் விடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

போட்டியன்று ரொட்டிக்காரி கொட்டகையின் நிழலில் துடுப்புக்கு எண்ணெய்த் துணி போட்டுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. பெண்கள் இருவர் படகில் நம் கழகத்தின் மூத்த வீராங்கனை தோள்பட்டைக் காயத்தால் விலகிக்கொண்டார், அவருக்குப் பதில் மரக்கடைக்காரரின் மகள் கலந்துகொள்கிறார், விலகியவர் சீக்கிரம் குணமடைய வேண்டுகிறோம் என்றது. கூட்டம் அனுதாபமாகக் கைதட்டியது. ரொட்டிக்காரி யாருக்கு என்னவாயிற்று என்று சுற்றிலும் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, மரக்கடைக்காரர் கழகத்துக்கு வாங்கிக் கொடுத்த புதுப் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் முன்னிருக்கைக்கு எதிரே, வலிக்கும்போது கால் ஊன்றும் பலகையில், இன்னொருத்தியின் கால் அளவுக்குச் செருப்பு ஏற்கெனவே பொருத்தியிருந்தது. செருப்பு ஒரு நாளில் பொருத்துகிற சமாச்சாரம் இல்லை. இரண்டு மாதம் முன்பே கொட்டகைக்கு வந்த அந்தப் புதுப் படகு, மகளுக்கு இடம் என்ற பேச்சின்மேல்தான் வந்தது என்பது அவளுக்கு அந்தச் செருப்பைப் பார்த்தபோது விளங்கியது. நேற்றுக் காலைகூட நாத்தனார் அவள் பின்னால் உட்கார்ந்து வலித்திருந்தாள். கரைக்கு வந்து, "நாளைக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாங்க அண்ணி" என்றும் சொல்லியிருந்தாள். ரொட்டிக்காரி துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் இரண்டு பேர் அவள் தோளைத் தொடாமல் தள்ளி நடந்தார்கள், வலிக்கும் என்று.

கணவர் வீட்டுக்கு வந்து படகு நின்றுபோன விஷயத்தை முதலில் சொன்னார். பிறகு, அவள் மடித்து வைத்த துணிகளைப் பார்த்தபடி, மற்றதைச் சொன்னார்.

"கழகத்துக்காகத்தான். உனக்கும் வயசாகுதுல்ல. சும்மா எடுத்துட்டோம்னு சொன்னா உனக்குத்தான் அசிங்கம். அதான் தோள்னு சொன்னோம்."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"அவ சொல்லிடுவான்னு நினைச்சேன்."

"அவ?"

"நான் சொல்லிடுவேன்னு நினைச்சிருக்கா."

ரொட்டிக்காரி அவருடைய சட்டைகளை ஒரு பக்கமும் தன்னுடையதை ஒரு பக்கமும் பிரித்து அடுக்கினாள். அது வரைக்கும் அந்த வீட்டில் எல்லாமே ஒரே அடுக்கில்தான் இருந்தன.

அதற்குப் பிறகு தோள் விஷயம் ஊரில் தானாக நடமாட ஆரம்பித்தது. வேனை நிறுத்தியதும் கடைக்காரர்கள் ஓடிவந்து தட்டுகளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றால், வலியை வெளியில் காட்டிக்கொள்ளாதவள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னார்கள். மருந்துக்கடையில் கேட்காமலே ஒரு தைலத்தை எடுத்து வைத்தார்கள். அடுமனை முதலாளி நல்ல மனதோடு ஒரு உதவியாளை அமர்த்தினார். அவள் தட்டைத் தூக்கிக் காட்டினால், "இன்னிக்குப் பரவாயில்ல போலிருக்கு" என்றார். நடந்ததைச் சொல்லிவிடலாம்தான். சொல்வதென்றால் கட்டிய புருஷனும் கூடப் பிறக்காத தங்கையும் சேர்ந்து செய்ததைக் கடை வாசலில் நின்று சொல்ல வேண்டும். அது அவளுக்கு வாயில் வரவில்லை. ஆக, இல்லாத காயத்தோடு நடமாடினாள்.

மூன்றாம் தடம் அப்படியே இருந்தது. நகராட்சிப் பொறியாளர் வந்து ஆழம் பார்த்தார், தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார். சாதாரண ஆற்றுத் தண்ணீர், கொஞ்சம் சேறு கலந்திருக்கிறது என்று பதில் வந்தது. இலை மிதந்து போனது, வாத்து நீந்திப் போனது. மனிதர் வலிக்கும் படகு மட்டும் போகவில்லை. வட்டாரப் படகுச் சங்கத்தின் மாதச் செய்தியில், இன்ன கழகம் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டது, இன்னாருக்கு இரட்டைக் குழந்தை என்பவற்றுக்கு நடுவே, மூன்றாம் தடம் தொடர்ந்து நகரவில்லை என்று ஒரு வரி வந்தது. மற்ற ஊர்க் கழகங்கள் முணுமுணுத்தன. ஆறு தடம் இல்லாவிட்டால் வட்டாரப் போட்டியை வேறு ஆற்றுக்கு மாற்றிவிடுவோம் என்று சங்கத் தலைவர் சொல்லியனுப்பினார். அப்போதுதான் கழகத்தில் யாரோ ரொட்டிக்காரியின் பேரை எடுத்தார்கள். அவள் விலகிய நாளில்தானே தடம் நின்றது, அவளையே ஒரு தடவை அதில் வலிக்கச் சொன்னால் என்ன என்றார்கள்.

நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரக்கடைக்காரர் பழங்கள் கொண்டு வந்திருந்தார். முடிதிருத்துபவர்தான் பேசினார்.

"தப்பா நினைக்காதம்மா. நீ ஏதாவது மனசுல வெச்சு பண்ணிட்டியா?"

"நான் துணி மடிச்சிட்டிருந்தேன்."

"இல்ல, நீ வந்து ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"தோள் வலிக்குதே," என்றாள் ரொட்டிக்காரி.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். பாதிப் பேர் பாவம் என்று தலையாட்டினார்கள். கணவர் தரையைப் பார்த்தார். அவளே மறுபடி பேசினாள். தான் வருவதாகவும், ஆனால் அதற்கு முன் அதே ஒலிபெருக்கியில், அதே மாதிரி கூட்டம் இருக்கும்போது, தன் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தன்னைக் கேட்காமல்தான் எடுத்தார்கள் என்று செயலாளர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். இது பெரிய காரியமாக யாருக்கும் தோன்றவில்லை. நாள் குறித்தார்கள்.

அன்று ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். ரொட்டிக்காரி பழைய ஒற்றையாள் படகில் ஏறி மூன்றாம் தடத்தில் நின்றாள். கணவர் ஒலிபெருக்கியை வாங்கித் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சென்ற முறை தகவல் தொடர்பில் ஒரு சிறு குழப்பம் ஏற்பட்டது, அதனால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் கழகம் வருந்துகிறது என்றார். கூட்டம் கைதட்டியது. தண்ணீரிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், இன்னும் ஏதாவது வருமா என்று. அவர் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, வந்தது வந்தாயிற்று என்று அவள் துடுப்புகளைப் போட்டு இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள், கரையிலிருந்தவர்களுக்கே அவள் தோள்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தது. படகு அசையவில்லை. தண்ணீர் தன் பக்கம் என்று அவளும் உள்ளுக்குள் நம்பியிருந்தாள் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கரையில் எல்லோரும் தோள் வலி என்று நினைத்தார்கள்.

செயலாளரை மறுபடி நன்றாகச் சொல்லச் சொல்லலாம் என்று ஒருவர் எழுப்பிய பேச்சை மற்றவர்கள் வளர விடவில்லை. அதைவிட எளிதான வழி இருந்தது. சங்கத் தலைவரிடம் பேசி, ஐந்து தடங்களோடு போட்டி நடத்த அனுமதி வாங்கினார்கள். மிதவைகளில் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு என்று புதிதாக வர்ணம் அடித்தார்கள். ஒரு ஆள் ஒரு வாக்கியம் சொல்வதற்குப் பதிலாக ஒரு வட்டாரமே எண்ணிக்கையை மாற்றிக்கொண்டது. அடுத்த வருடம் நாத்தனாரும் மரக்கடைக்காரர் மகளும் ஐந்தாம் தடத்தில் வலித்து முதலாவதாக வந்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. விருந்துக்கு ரொட்டி அடுமனையிலிருந்துதான் போனது, ரொட்டிக்காரிதான் இறக்கினாள். இறக்கிவிட்டு வேனைக் கொண்டுபோய் விட்டவள், அடுமனைக்கு மேலே காலியாக இருந்த அறையிலேயே தங்கிவிட்டாள். துணிகள் முன்பே பிரித்து அடுக்கியிருந்ததால் எடுத்து வருவது சுலபமாக இருந்தது.

வருடங்கள் போயின. கணவர் செயலாளராகவே இருந்தார், தலைமுடி கொட்டியது, கடையை விரிவாக்கினார். மரக்கடைக்காரர் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஒரு மத்தியானம் நாத்தனார் மாடியேறி வந்தாள். மாவு வாசனை அடித்த அந்த அறையில் உட்கார ஒரு நாற்காலிதான் இருந்தது, அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"தினமும் சொல்லிடணும்னுதான் வந்தேன் அண்ணி. சத்தியமா."

"தினமும் என் பின்னாடிதான உக்காந்திருந்த."

"முகத்தைப் பாக்காம சொல்றது சுலபம்னு நினைச்சேன். நீங்க சொல்லுவீங்கல்ல, அந்த மாதிரி. ஆனா நீங்க அன்னன்னிக்கு ஏதாவது ஒண்ணு சொல்லிட்டே இருப்பீங்க. நடுவுல எப்படிச் சொல்றது?"

"ஜெயிச்சப்ப எப்படி இருந்துச்சு?"

நாத்தனார் யோசித்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "பொய் சொல்லக் கூடாது."

அந்தப் பதிலுக்காகத்தான் ரொட்டிக்காரி மறுபடி ஒரு தடவை அவளோடு படகில் ஏறச் சம்மதித்தாள் என்று நினைக்க இடமிருக்கிறது. இந்த முறை நாத்தனாரை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டாம் தடத்தில் போனார்கள். படகு போனது, ஆனால் நேராகப் போகவில்லை. கொஞ்ச தூரத்திலேயே கரையோர நாணலில் போய் முட்டியது. ரொட்டிக்காரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் முதுகையே பாத்துட்டு வந்தேன்," என்றாள். "வழியைப் பாக்கல, துடுப்பையும் பாக்கல. என்னால முடியாது. நீ வேற ஆளைப் பாத்துக்கோ."

"பழகிடும் அண்ணி."

"பழகிடும். அதுதான் வேண்டாங்கறேன்."

நாத்தனார் தலையை ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. துறை வரைக்கும் இருவரும் ஒழுங்காக வலித்துக்கொண்டு வந்து, படகைத் தூக்கிக் கொட்டகையில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் துடைத்தார்கள். இப்போது நாத்தனார் பல் மருத்துவரின் மருமகளோடு வலிக்கிறாள். நன்றாக வருகிறார்கள் என்கிறார்கள்.

ரொட்டிக்காரி வேலை முடிந்த பிற்பகல்களில் பழைய ஒற்றையாள் படகை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடத்துக்குப் போகிறாள். அங்கே நேராக நிறுத்திக்கொண்டு மனம்போல வலிக்கிறாள். படகு எங்கும் போவதில்லை. முன்னாலும் பின்னாலும் அதே மரம், அதே கரை. பின்னால் யாரும் இல்லை, திரும்பி வழி பார்க்க வேண்டியதும் இல்லை. வியர்த்துக் கொட்டியதும் துடுப்பால் பக்கவாட்டில் தள்ளி இரண்டாம் தடத்துக்கு வந்து கரையேறுகிறாள். கழகத்துக்குப் புதிதாகச் சேருகிறவர்களையும் முதலில் அந்தத் தடத்தில்தான் உட்கார வைக்கிறார்கள், ஆற்றோடு போய்விடுவார்கள் என்ற பயம் இல்லை. சென்ற போட்டிக்கு வெகு தூரத்திலிருந்து வந்த ஒரு கழகத்தின் வேன் ஓட்டுநர், கரையில் நின்று கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, அந்தம்மா ஏன் இவ்வளவு வலிச்சும் நகரவே மாட்டேங்கிறாங்க என்று முடிதிருத்துபவரிடம் கேட்டார்.

"அது மூணாவது தடம், அங்க நகராது," என்றார் அவர். பிறகு, வேனைக் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் விடச் சொன்னார்.