புது நெல் அடைத்த பை

கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், சரிந்த பாறையொன்றின்மேல் அனில்குமார் குப்புறப் படுத்திருந்தான். எதிர்மரப் பொந்துக்குள் அடைகாக்கத் தன்னை அடைத்துக்கொண்ட பெண் இருவாச்சிப் பறவைக்கு ஆண்பறவை இரை ஊட்டுவதைப் படமெடுக்க வேண்டும். அந்தச் சரிவில் கேமராவின் முக்காலி நிற்காது. ஆகவே தங்கை இந்துஜா பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, நிரப்பி, இருமுனையும் இரட்டைத் தையலிட்டுப் பையாக்கித் தந்திருந்தாள். கேமரா அதில் பாந்தமாகப் பதிந்தது. பை வழுக்காதிருக்க அதைக் கயிற்றால் தன் இடுப்போடு இறுகப் பிணைத்திருந்தான். விடியலில் பெய்த கோடைமழையில் அந்த முடிச்சு ஊறிப்போயிருந்தது.

பின்னால் ஈற்றை மூங்கில்காடு முறிந்தது. ஒற்றைக் களிறு. பிளிறவில்லை, விரையவில்லை. துதிக்கை உயர்த்திக் காற்றைத் துழாவியபடி நேரே வந்தது.

"ஏட்டி, பைக்குள்ள என்னத்த அடச்ச?" என்றான் உதடசையாமல், சற்றுத் தள்ளிப் பதுங்கியிருந்த இந்துஜாவிடம்.

"புது நெல்லு."

அவனுக்கு விளங்கிவிட்டது. புதுக்குடமோ பெட்டியோ எது வந்தாலும், முதலில் புதுநெல் இட்டு விளக்கின்முன் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பூதப்பாண்டி வயலில் அறுத்த கும்பப்பூப் பருவ நெல்லை இந்தப் பைக்கும் இட்டு வணங்கியவள், பிறகு அதைக் கொட்டிவிட மனமின்றி அப்படியே தைத்துவிட்டாள்.

"அது ஒன்னத் தேடல்ல அண்ணே, நெல்லத்தான். பைய அவுத்து விடு."

"முடிச்சு வரல்ல. நீ எறங்கி ஓடு மக்கா."

அவள் ஓடவில்லை. ஊர்ந்து வந்து, தான் இட்ட தையலைத் தன் பல்லாலேயே கடித்தாள். ஒரு நூல் அறுந்தது, மறுநூல் அறவில்லை. பாறையின் அடியில் மூச்சு சீறியது. அவன் ஐந்தெழுத்தை நெஞ்சுக்குள் ஓதினான். பாதி ஓதுகையில் மறந்துபோயிற்று.

தையல் விட்டது. பொன்மணிகள் பாறையில் பொழிந்து கீழே வழிந்தன. துதிக்கை அவன் காலருகே வந்து, தயங்கி, நெல்லின்மேல் தாழ்ந்தது.

கேமராவை விட்டுவிட்டுப் பாறையின் மறுபுறம் இறங்கினர். வெறும்பை அவன் இடுப்பில் ஆடியது. அதன் மூலையிலிருந்து இன்னும் மணிகள் உதிர்வதைக் கண்ட இந்துஜா, தடம் விடாதிருக்க அதை உள்வெளியாகத் திருப்பி உதறினாள்.

மேலே மெல்லும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை அச்சமில்லை என்று நடந்தனர். ரப்பர் மரங்களினிடையே அவ்வொலி நின்றது. தொலைவால் நின்றதா, நெல் தீர்ந்து நின்றதா என்று திரும்பிப் பார்க்க இருவருக்குமே துணிவில்லை.