வாராவாரம் வெட்ட வேண்டிய செடி

"சத்தம் போடாத ஃபில்டர் வேணும்" என்றான் தம்பி, கடைக்குள் கால் வைத்ததுமே.

"உட்காருங்க முதல்ல. தொட்டி எவ்வளவு நீளம்?" என்றாள் கடைக்காரி.

"ஆறடி."

"அம்மாடி! முதல் தொட்டியே ஆறடியா?"

"எங்களுக்கு இல்ல, அப்பாவுக்கு."

"அவருக்கு மீன் பழக்கம் உண்டா?"

"பொரிச்சுச் சாப்பிட்டுப் பழக்கம்" என்றாள் அக்கா.

கடைக்காரி சிரித்தாள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். கடைசியாக அக்காவும் தம்பியும் சேர்ந்து அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, "வீட்டுக்குள்ள இன்னொரு உயிர் இல்லடா" என்றார். தம்பி பட்டென்று, "அப்ப மீன் வளர்க்கலாம்ப்பா" என்றான். அவர் கேட்டது மீன் இல்லை என்று அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் "நல்ல யோசனைடா" என்று முதலில் தலையாட்டியவள் அவள்தான். அன்று படி இறங்கும்போது இருவருக்கும் மனசு லேசாக இருந்தது. அந்த லேசுதான் பிறகு உறுத்த ஆரம்பித்தது. உறுத்த உறுத்தத் தொட்டி வளர்ந்தது; இரண்டடி நாலடியாகி, நாலடி ஆறடியாகிவிட்டது.

"செடி வைக்கிற தொட்டிதானே? அதுல ரெண்டு வழி இருக்கு" என்றாள் கடைக்காரி. "ஒண்ணு, மங்கலான லைட்டு, மெதுவா வளர்ற செடி. மரக்கட்டையில கட்டி விட்டுட்டா அது பாட்டுக்கு இருக்கும். இன்னொண்ணு, நல்ல வெளிச்சம், அடியில உர மண்ணு, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். செடி காடு மாதிரி கிளம்பும். பார்த்தா கண்ணெடுக்க முடியாது. ஆனா வாராவாரம் வெட்டணும், பாதித் தண்ணி மாத்தணும். விட்டீங்கன்னா பாசி மூடிக்கும்."

"முதல் வழியே போதும்" என்றான் தம்பி. தானாகத் தீனி போடும் சின்ன மெஷின் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "லைட்டுக்கு டைமர் போட்டுடுங்க. இதுவும் ஒண்ணு குடுங்க. எல்லாம் ஆள் இல்லாம ஓடணும்."

"ஆள் இல்லாமலா? அப்பா இருக்காருன்னீங்க?"

தம்பிக்குக் காது சிவந்தது. "இருக்காரு. அவருக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னு..."

"அவருக்கா, நமக்கா?" என்றாள் அக்கா.

"நீ என்னமோ தினம் போய்ப் பார்க்கிற மாதிரி பேசாதே."

"நான் போன்ல பேசறேன்."

"என்ன பேசற? சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, சரி வைக்கட்டுமா. நானும் அதேதான் பேசறேன். நம்ம ரெண்டு பேருக்கும் பதிலா ஒரு மெஷினை வெச்சாலும் பேசிடும்."

கடைக்காரி இருமினாள்.

"நிறைஞ்சா அரை டன்னுக்கு மேல கனம் வரும். எங்க வைக்கப் போறீங்க? அங்க வெயில் விழுமா? பிளக் பக்கத்துல இருக்கா?"

"சோபாவுக்கு எதிர்ச் சுவர்ல" என்றான் தம்பி. மற்றக் கேள்விகளுக்கு இருவருக்கும் பதில் தெரியவில்லை. அக்கா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தாள். முதல் மணி முடிவதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

"என்னம்மா? இந்நேரத்துல? ஏதாவது அவசரமா?"

"ஒண்ணும் இல்லப்பா. தொட்டிக் கடையில இருக்கோம். சோபாவுக்கு எதிர்ச் சுவர்ல பிளக் இருக்கா?"

"எதிர்ல சுவர் ஏது? வாசக்கதவுதான் இருக்கு. சோபாவைத் திருப்பிப் போட்டு ரொம்ப நாளாச்சே."

ஏன் திருப்பிப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

"இப்ப சோபா முதுகுப் பக்கம் இருக்கிற சுவர் காலியாத்தான் இருக்கு" என்றார் அவரே. "பிளக் இருக்கு. வெயில் வராது. ஆமா, என்னென்ன வாங்கறீங்க?"

கடைக்காரி போன் பக்கம் குனிந்து இரண்டு வழிகளையும் மறுபடி சொன்னாள். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ரெண்டாவதுல வாராவாரம் வெட்டணும்னீங்களே, யாரு வெட்டறது? எனக்குக் கை நடுங்கும்."

"வீட்ல இருக்கிறவங்க யாராவது செய்யலாம் சார்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"ஆறடின்னா, தண்ணியும் மாத்தி முடிக்க அரை நாள் போயிடும்."

"அரை நாளா?" அப்பாவின் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்ப அதையே போடுங்க. வெளிச்சம் நல்லா இருக்கட்டும். செடி வேகமா வளரட்டும்."

"வெட்டறதுக்கு எங்க ஆளையே அனுப்பலாம் சார். அந்த வசதியும் இருக்கு."

போனில் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

தம்பி வாயைத் திறந்தான். 'அனுப்புங்க' என்றுதான் சொல்லப் போகிறான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. தடுக்கலாம். அவள் தடுக்கவில்லை. அவன் சொல்லிவிட்டால் பழி அவனோடு போகும், பலன் தனக்கும் வரும் என்று காத்திருந்தாள். அப்படிக் காத்திருப்பது உறைத்ததும் அவளுக்கு முகம் சுட்டது.

"ஆள் வேண்டாம்" என்றாள் அவசரமாக. "நாங்களே வெட்டிக்கறோம்."

தம்பி அவளைப் பார்த்தான். கையிலிருந்த தீனி மெஷினை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"நீ என்னைக்குப் போவ?" என்றான் தணிந்த குரலில்.

"சனிக்கிழமை. நீ?"

"எனக்கு ஞாயித்துக்கிழமைதான் ஒழியும். ஆனா வாரம் ஒரு தடவை வெட்டினாப் போதும்னாங்களே."

"சரி, அப்ப ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ."

பேசிக்கொண்டே போனை மறந்துவிட்டார்கள். அது அணையாமல் மேஜைமேல் இருந்தது.

"ஏம்மா, கடைக்காரம்மா" என்றது. "சனிக்கிழமையும் தண்ணி மாத்தி, ஞாயித்துக்கிழமையும் மாத்தினா மீனுக்கு ஏதாவது ஆயிடுமா?"

கடைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"ஒண்ணும் ஆகாது சார். கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா மீனுக்கு நல்லதுதான்."