பொத்தி வைத்த கார்

மலைச்சாமியிடம் யாரும் நல்ல வார்த்தை சொல்லித் திருத்திவிட முடியாது. தானாகப் பட்டுத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. அதுவும் லேசில் தெரிந்துகொள்கிற ஆளா? கார் விஷயத்தில் அவருக்குப் புத்தி வர மூன்று வருஷம் ஆனது. வந்தபோது அதன் பேட்டரி செத்துப்போயிருந்தது.

கார் அவர் மகன் பீமாராவுடையது. பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் மலைச்சாமி; சீர்திருத்தக் கூட்டங்களில் பேசவும் செய்வார். அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிய அதே வளாகத்துக்குள் மகன் பாடம் நடத்தப் போனான். அவன் வாங்கிய காரும் சாதாரணக் கார் இல்லை. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், ஹைபிரிட் என்பார்கள். யாரோ ஒரு டாக்டர் ஓட்டிப் பழசாக்கி விற்றதுதான். இருந்தால் என்ன, நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் தெருவுக்குள் சொந்தமாக வந்து நின்ற முதல் கார் அது! முதல் நாள் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து, ஒரு காலத்தில் அவர் கூலிக்குக் கதிர் அறுத்த வயல்களைத் தாண்டி செக்கானூரணி வரை போய்த் திரும்பினான். மலைச்சாமி வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டே வந்தார். நாலு பேர் பார்க்க வேண்டாமா!

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பீமாராவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றார்கள். அவன் மகள் ஆர்த்திகாவுக்கு அப்போது பேச்சுகூடச் சரியாக வரவில்லை.

காரியம் முடிந்ததும் மலைச்சாமி தார்ப்பாய் வாங்கி வந்து காரை மூடினார். சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். விடிந்ததும் தார்ப்பாயை விலக்கி ஈரத்துணியால் துடைப்பார், மறுபடி மூடிவிடுவார். அவர் மனைவி செல்லக்கிளி வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டுவாள். சாவியை மட்டும் யாரும் திருகவில்லை.

மருமகள் பவதாரிணிக்குத் திருப்பரங்குன்றத்தில் பள்ளிக்கூட வேலை. பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போக வேண்டும். பாவம், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, கார நான் எடுத்துட்டுப் போகட்டா? அவரு எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்திருக்காரு."

"எம் மகன் உக்காந்த எடம் தாயி அது. வேற யாரும் உக்காரக் கூடாது" என்றார் மலைச்சாமி.

கொஞ்ச நாளில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மலைச்சாமி மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு அது மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. பிறகு அதுவும் நின்றது. போனில் கேட்டால், "பஸ்ஸுல வந்தா பாப்பாவுக்கு வாந்தி வருது மாமா" என்றாள்.

மனுஷன் அதை அப்படியே நம்பினார். பஸ்தானே கோளாறு? அவளிடம் காரைக் கொடுத்துவிட்டால் பேத்தி வாராவாரம் வந்துவிடுவாள். அன்றைக்கே தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். ஒரு முனகல்கூட இல்லை.

கோரிப்பாளையத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் வந்து பார்த்தார். பின்சீட்டைக் கழற்றி, ஏதோ மீட்டரை வைத்து அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தார்.

"எம்புட்டு நாளாண்ணே வண்டிய எடுக்கல?"

"அவன் போனதுல இருந்து."

"யா அல்லா! வாரம் ஒருக்க சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருந்தாக்கூட இன்னும் நாலஞ்சு வருசம் ஓடியிருக்குமேண்ணே. இந்தப் பேட்டரி ஓட ஓடத்தான் உசுரோட இருக்கும். பொத்திப் பொத்தி வச்சே கொன்னுப்புட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பாய்க்கே உறைத்தது. குரலைத் தணித்துக்கொண்டு கணக்கைச் சொன்னார். பேட்டரி புதிதாகப் போட வேண்டும், எலி கடித்த வயரெல்லாம் மாற்ற வேண்டும், பிரேக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இதுக்குப் போடுற காசுல நல்ல சின்ன வண்டி ஒண்ணு வாங்கிரலாம்ணே. இதை இரும்புக்குப் போட்டுருங்க. எனக்கு வேல கெடைக்குதேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பாய் சொல்றதக் கேளுய்யா" என்றாள் செல்லக்கிளி. "சின்ன வண்டியா வாங்கிக் குடுப்போம். எம் பேத்தி எதுல வந்தா என்ன, வந்தாச் சரி."

"அந்தப் பிள்ள கேட்டது இந்தக் கார. நான் முடியாதுன்னு சொன்னதும் இந்தக் கார. வேற வண்டியக் கொண்டுபோய் நிப்பாட்டுனா, கெழவன் மனசு இன்னும் எறங்கலன்னுதான நெனைக்கும்?"

"அன்னைக்குக் குடுத்திருந்தா காரும் பொழச்சிருக்கும், அந்தப் பிள்ளைகளும் இங்கனயே இருந்திருக்கும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மலைச்சாமி சண்டைக்குப் போயிருப்பார். கடைசிக் காலத்துக்கு என்று இரண்டு பேர் பெயரிலும் பாங்கில் கொஞ்சம் பணம் கிடந்தது. அதை எடுக்கச் செல்லக்கிளி கையெழுத்தும் வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் பேத்தி மேல் ஆசை இல்லையா என்ன?

பாய் காரைத் தன் ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போனார்; பேட்டரி கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்தது. மலைச்சாமி வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தினமும் பஸ் ஏறிக் கோரிப்பாளையம் போய், ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொள்வார். "அண்ணே, பிரசவத்துக்குச் சேத்துட்டு வெளிய காத்திருக்கிற மாதிரில்ல உக்காந்திருக்கீங்க" என்று பாய் கேலி செய்வார். மலைச்சாமியும் சிரிப்பார். பவதாரிணி ஓட்டிக்கொண்டு வருவாள், பேத்தி கண்ணாடியை இறக்கிக் கை ஆட்டுவாள், போகப் போக இங்கேயே திரும்பி வந்துவிட்டாலும் வந்துவிடுவார்கள் என்று மனசுக்குள் ஒரு குடும்பமே நடத்திக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தது. மலைச்சாமிக்கு ஓட்டத் தெரியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்கந்தர் பாயே ஓட்டினார். திருப்பரங்குன்றத்தில் வீட்டு வாசலில் நிறுத்தியதும் பவதாரிணி வெளியே வந்தாள். காரைப் பார்த்ததும் அவள் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது.

மலைச்சாமி சாவியை நீட்டினார். "ஓட்டு தாயி. இது ஒனக்குத்தான். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என்னைய மன்னிச்சுக்க."

அவள் சாவியை வாங்கவில்லை. அதற்குள் ஆர்த்திகா ஓடி வந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். எம்புட்டு வளர்ந்துவிட்டாள்! மலைச்சாமி அவளைத் தூக்கிக் காருக்கு நேராகக் காட்டினார்.

"ஏறிக்க கண்ணு, ஏறிக்க. ஒங்க அப்பா காரு!"

பிள்ளை காரை மேலும் கீழும் பார்த்தது.

"இது இல்ல தாத்தா. அப்பா காரு வெள்ளக் காரு."

மலைச்சாமி சிரித்தார். தார்ப்பாய்க்குள் கிடந்ததைப் பிள்ளை எங்கே பார்த்தது! "இல்லடா, ஒங்க அப்பா காரு நீலம்டா" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் மருமகள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம் முடிஞ்சிருச்சு மாமா" என்றாள் பவதாரிணி. "எங்க பள்ளிக்கூடத்துலதான் வேல பாக்குறாரு. நல்லவரு. பாப்பா மேல உசுரா இருக்காரு."

எத்தனை கூட்டத்தில் மைக் பிடித்து, புருஷனை இழந்த பெண்ணுக்கு மறுகல்யாணம் செய்து வையுங்கள் என்று முழங்கியவர் மலைச்சாமி! இப்போது சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே முன்ன நின்னு நடத்தி வச்சிருப்பேனே தாயி."

"அவரு உக்காந்த சீட்டுலயே என்னைய உக்கார விடலியே மாமா. அவரு எடத்துக்கு இன்னொருத்தரு வந்துட்டாருன்னு எந்த மொகத்தோட வந்து உங்ககிட்டச் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்னே நின்று நடத்தியிருப்பேன் என்றாரே மலைச்சாமி, நிஜமாகவே நடத்தியிருப்பாரா? அவருக்கே தெரியவில்லை. அம்மா அழுவதைப் பார்த்துப் பிள்ளையும் அழ ஆரம்பித்தது. இறக்கி விட்டார். அம்மாவிடம் ஓடியது.

"நல்லாரு தாயி" என்றார்.

"பாப்பாவக் கூட்டிட்டு வாரேன் மாமா" என்றாள் அவள். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

சாவி பாய் கைக்கே திரும்பிப் போனது. மலைச்சாமி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பழங்காநத்தம் தாண்டிக் காளவாசல் சிக்னலில் கார் நின்றது. இந்த மாதிரிக் கார் நின்றால் என்ஜின் தன்னால் அணைந்துவிடும், உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியில் மலைச்சாமி அழுவது பாய்க்கு நன்றாகக் கேட்டது. மகன் செத்தபோது ஊரே பார்க்க அழாத மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்கு வைத்திருந்த அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது.

பாய் திரும்பிப் பார்க்காமலே, "இப்ப நல்லா ஓடுதுண்ணே. வித்துரலாமா? போட்டதுல பாதியாவது வரும்" என்றார்.

மலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

"மெதுவாப் போங்க பாய்" என்றார் அவர். "கோழி அடிச்சு வச்சிட்டு, பேத்தி வாராளான்னு வாசல்லயே நிப்பா ஒங்க மதினி. எம்புட்டு மெதுவாப் போக முடியுமோ, அம்புட்டு மெதுவாப் போங்க."