இருமலின் கயிறு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பன்னாட்டுச் சந்தைப்படுத்தலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாம் ஆண்டை யார் படித்தது என்று தெரியவில்லை. மதிப்பெண் பட்டியல் என் பெயரில் இருக்கிறது. எண்பத்தொரு சதவீதம். நான் அவ்வளவு வாங்குகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள்.

நாற்பத்தைந்து வருடம் மாட்டுத் தரகு பார்த்தேன். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் எந்த மாட்டின் வயதையும் நம்பியதில்லை. அதனால் அந்தப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்திரை ஈரமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தொட்டேன். அப்போதும் ஈரம்.

பல்கலைக்கழகம் எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. சமையலறைக்கும் புறக்கடைக்கும் நடுவே ஒரு கதவு வந்தது. திறந்தால் நீளமாக ஒரு நடை. அதைக் காரிடார் என்கிறார்கள். அதன் முடிவில் வகுப்பு. முதல் நாள் பதினாறே எட்டு வைத்துப் போய்விட்டேன். இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. பாடம் நடத்த நடத்த நீளுமாம். இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாம் ஒரே பச்சை.

என் சம்சாரம் பாவாயி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க. வகுப்புல இருந்து காத்தடிச்சு அடுப்பு அணையுது” என்றாள்.

போவது சுலபம். திரும்பி வருவதுதான் பாடு. எது எங்கள் வீட்டுக் கதவு என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாவாயிக்கு முப்பத்தொரு வருடமாக வறட்டு இருமல். முதலில் மூச்சைப் பிடிப்பாள். தொண்டையில் சின்னதாக ஒரு ‘க்’. அப்புறம் மூன்று இருமல். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் வீடு வந்து சேருகிறேன். வந்ததும் “தண்ணி வேணுமா?” என்பேன். “வேண்டாங்க” என்பாள். முப்பத்தொரு வருடமாக எங்களுக்குள் இதுதான் முக்கியமான பேச்சு.

ஒரு நாள் அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தப்பான கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு குடும்பம் எனக்கு இலை போட்டுக் காத்திருந்தது. அவர்கள் ரேஷன் கார்டிலும் என் பெயர் இருந்தது. பொரியலில் உப்பில்லை. வெளியே வர மூன்று நாள் ஆயிற்று.

அன்றிலிருந்து என் வகுப்பு விடுகிற நேரத்துக்கு அவள் கோயிலுக்குப் போவதில்லை.

வகுப்பில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் அன்வர்தீன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். வகுப்பு எடுப்பது ஹெப்சிபா என்கிற அம்மிணி. முப்பது வயதிருக்கும். கரும்பலகையை முதலில் அழிப்பார், பிறகு எழுதுவார். எழுதியது முன்பே அழிந்துவிட்டதால் நாங்கள் வேகமாக எழுதிக்கொள்ளவேண்டும்.

தேர்வு ஒன்றுதான். வீட்டிலிருந்து ஏதாவது ஒரு சரக்கை வெளிநாட்டுக்கு விற்கவேண்டும். எந்தச் சரக்கு என்று பல்கலைக்கழகம் சொல்லும். அன்வர்தீனுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. போன மாதமே விற்றுவிட்டார். இப்போது அவருக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. திங்கட்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் காணாமல் போவார். புதன்கிழமை வந்து மீதி வார்த்தையைச் சொல்வார்.

“பாய், குடுக்கறப்ப கயித்தப் புடிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“செவ்வாக்கெழமைக்கு ஏதுங்ணா கயிறு?”

“எல்லாத்துக்கும் கயிறு உண்டு. மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்க மாட்டோம். வாங்கறவன் அவன் கயித்துல கட்டி ஓட்டிட்டுப் போவோணும். நம்ம கயிறு நம்ம கட்டுத்தறிக்கு வந்துரும்.”

அவர் வெறுங்கையை விரித்துப் பார்த்தார்.

“எனக்கு யாருமே சொல்லலியே” என்றார்.

எனக்கு என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ள அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னல் முழங்காலுக்குக் கீழே இருந்தது. தரையில் உட்கார்ந்துதான் பேசவேண்டும். உள்ளே ஒரு குமாஸ்தா. தலை மட்டும் தெரிந்தது.

“உயிரோட இருக்கற படிவம் கொண்டாந்தீங்களா?”

“முன்னாலயே உக்காந்திருக்கறனே.”

“அது வருகைப் பதிவு. இது வேற.”

படிவத்தை நிரப்பினேன். ‘எப்போதிலிருந்து’ என்று ஒரு கட்டம். ‘யார் சொல்லி’ என்று இன்னொன்று. இரண்டிலும் கோடு போட்டேன். ஒத்துக்கொண்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு சீட்டை வெளியே தள்ளினார். ‘இருமல். வறண்டது. பாவாயி. முப்பத்தொரு ஆண்டு. எண்ணிக்கை ஒன்று.’

நான் சீட்டைத் திருப்பித் தள்ளினேன்.

“எங்க கட்டுத்தறியில ரெண்டு காளை நிக்குது. நெத்தியில சுத்தமான சுழி. அத எழுதிக்குங்க.”

“காளைக்குக் கிராக்கி இல்லை.”

“இருமல வெச்சு அவிங்க என்ன பண்ணுவாங்க?”

“அது மூன்றாம் ஆண்டுப் பாடம்.”

“மூணாம் வருசம் இருக்குதா?”

“இல்லை.”

“விக்கமாட்டன்னா?”

“தேர்ச்சி இல்லை. காரிடார் இரண்டு மடங்காகும்.”

திரும்பி நடந்தபோது கணக்குப் போட்டேன். இரண்டு மடங்கானால் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு தூரத்துக்கு இருமல் கேட்காது. விற்றால் இருமலே இருக்காது. இரண்டில் எது நடந்தாலும் நான் உப்பில்லாத பொரியல் வீட்டில்தான் போய் உட்காரவேண்டும். பாவாயி இங்கே தனியாக இருப்பாள். எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு விஷயம் என்னை அரித்தது. அதை வைத்து என்னதான் செய்வார்கள்? அரைக் கிழடான மாட்டை ஒருவன் விரும்பிக் கேட்டால், அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

தூரத்தில் அவள் இருமினாள். ஐந்தாவது கதவு.

“தண்ணி வேணுமா?”

“வேண்டாங்க.”

சீட்டைப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ர இருமலயா?” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்காகக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை கொள்முதல்காரர் வந்தார். காரிடார் வழியாக ஹெப்சிபாதான் கூட்டிக்கொண்டு வந்தார், மதிப்பெண் நோட்டோடு. அன்வர்தீனும் வேடிக்கை பார்க்க வந்தார். கொள்முதல்காரர் நெட்டையான ஆள். கோட்டு நனைந்திருந்தது. அவர் பேச்சு முதலில் கேட்டது, வாய் அப்புறம் அசைந்தது. பேச்சுக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த சந்தில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“வாங்கொ, உக்காருங்கொ. மோர் குடிக்கறீங்களா?” என்றாள் பாவாயி.

அவர் மோர் குடித்தார். எல்லோரும் இருமலுக்காகக் காத்திருந்தோம். ஆள் பார்த்தால் அவளுக்கு இருமல் வராது. அரை மணி நேரம் ஆயிற்று. ஹெப்சிபா நோட்டைப் புரட்டினார்.

“சரக்கோட சாம்பிள் காட்டலைன்னா பத்து மார்க் போயிடும் சார்.”

“மாடு கத்தோணும்னா கத்துமுங்களா அம்மிணி? அதுக்கே தோணோணும்.”

பாவாயி தாளிக்கப் போனாள். மிளகாய் நெடி ஏறியது. அன்வர்தீன் தும்மினார். ஹெப்சிபா தும்மினார். அப்புறம் சமையலறையிலிருந்து வந்தது. முதலில் ‘க்’. பிறகு மூன்று.

கொள்முதல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்பப் பசியான ஆள் சோற்றைப் பார்த்த மாதிரி முகம்.

“உங்க ஊர்ல இருமல் இல்லீங்களா?” என்றேன்.

“நிறைய இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.”

“அப்பக் கேக்கற ஆளயில்ல நீங்க வாங்கோணும்?”

“அதற்கு இறக்குமதித் தடை.” வாய் அப்புறம் அசைந்தது. “இது முப்பத்தொரு வருடம் கேட்கப்பட்ட இருமல். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.”

எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. சுழி பார்க்கத் தெரிந்தவன். மரியாதை வந்தால் வியாபாரம் கெடும். எழுந்து தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டோம். துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலை அமுக்கித்தான் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. நான் கையை நீட்டினேன். அவரும் நீட்டினார். துண்டைப் போட்டு மூடினேன்.

“விலையைச் சத்தமா சொல்லுங்க சார். நான் மார்க் போடணும்” என்றார் ஹெப்சிபா.

“சத்தமாச் சொன்னா அது ஏலமுங்க.”

என் திட்டம் இதுதான். எவனாலும் கொடுக்கமுடியாத விலையைக் கேட்பேன். அவர் மறுப்பார். நான் விற்க மறுக்கவில்லை, அவர் வாங்க மறுத்தார் என்று ஆகும். குமாஸ்தாவிடம் அதைச் சொல்லி வாதாடலாம்.

அவர் விரலெல்லாம் சில்லென்று இருந்தது. ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கினேன். அவர் நடுவிரலால் பதில் சொன்னார். முறை தெரிந்திருந்தது. எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. மறுபடி அமுக்கினேன், பத்து மடங்கு. அவர் தயங்கினார்.

அப்போது துண்டுக்கடியில் மூன்றாவதாக ஒரு கை வந்தது.

காய்ப்பு ஏறிய கை. கட்டைவிரல் பக்கத்தில் பழைய தீத்தழும்பு. கடுகு வாசம். என் கையை ஓரமாக ஒதுக்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். பாவாயி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“இதென்னது?” என்றேன்.

“இருமுனது ஆரு? நீங்களா?”

“எனக்கு வழி தெரியாது பாவாயி.”

“உங்குளுக்கு வழி தெரியோணும்னு முப்பத்தொரு வருசம் இருமுனவ இன்னும் இருமிட்டே கெடக்கறதா? ராத்திரி ஒரு நாள் முழுசாத் தூங்கியிருப்பனா?”

அன்வர்தீன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அத்தனை வருடமும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அது இப்போதுதான் தெரிந்தது.

துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. எனக்குத் தெரியாத விரல்கணக்கு. கொள்முதல்காரர் ஒரு முறை சிரித்தார், ஒரு முறை வேர்த்தார். பிறகு துண்டு நின்றது.

“முடிஞ்சுதுங்க” என்றாள் பாவாயி. “மாடு அவுங்களுது.”

ஹெப்சிபா நோட்டில் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார்.

கொள்முதல்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு. இருமல் அதில் போய் உட்கார்ந்தது. நான் பார்த்தேன். சின்னதாகத்தான் இருந்தது. இதற்கா இத்தனை வருடம் என்று தோன்றியது.

அவர் மூடியைச் சாத்தப் போனார். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

“கயிறு எங்களுதுங்க.”

“கயிறா?” என்றார் ஹெப்சிபா. “புத்தகத்துல அப்படி எதுவும் இல்லையே சார்.”

“சந்தையில இருக்குதுங்க அம்மிணி.”

“எது கயிறு?” என்றார் கொள்முதல்காரர்.

“மொதல்ல மூச்சப் புடிச்சு ‘க்’குன்னு ஒரு சத்தம் வருதுல்ல, அதுதான். அதப் புடிச்சுத்தான் மிச்சம் வருது. உங்க கயித்துல கட்டிக்குங்க.”

பாவாயி என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அது வலிக்கறதில்லீங்க. அது இருந்துட்டுப் போவுது” என்றாள்.

கொள்முதல்காரர் பஞ்சுக்குள் விரலைவிட்டு முடிச்சை அவிழ்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. கழற்றி என் கையில் கொடுத்தார். கனமே இல்லை. பாவாயியிடம் கொடுத்தேன். அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் கேட்ட விலை மத்தியானம் வந்து சேர்ந்தது. ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு செவ்வாய்க்கிழமை. கொஞ்சம் பயன்படுத்தியது. பனியன் துணி வாசம் அடித்தது.

“வாரத்துல ஒரு நாள் எச்சாக் கெடச்சா அன்னைக்குத் தூங்கலாம்னுதான்” என்றாள்.

அன்வர்தீனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேட்பார். கேட்டால் கொடுக்கவேண்டியிருக்கும். அவள் தூங்கி முடித்ததும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

மறுநாள் பட்டம் வாங்கப் போனேன். குமாஸ்தா ஜன்னல் இன்னும் கீழே இறங்கியிருந்தது. படுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். போடுமுன் நாலு தடவை படித்தேன். பட்டத்தில் என் பெயர் சரியாக இருந்தது. முத்திரை காய்ந்திருந்தது. அதுதான் முதல் தடவை.

“காரிடார் இனி நீளாதுல்ல?” என்றேன்.

“நீளாது. சுருங்கவும் சுருங்காது.”

திரும்பி நடந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பச்சைக் கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ இலை போடுகிற சத்தம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய் நின்றேன். காதைக் கொடுத்தேன்.

ஒன்றுமில்லை.

பட்டத்தைச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். அதற்கு அது நன்றாகவே உதவியது.

எங்கேயோ ‘க்’ என்றது. கயிறு. அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வரவேண்டும். வரவில்லை. எந்தப் பக்கம் என்று பிடிபடுவதற்குள் சத்தம் முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்த மூன்றுக்கு உண்டான இடம் காரிடாரில் காலியாகக் கிடந்தது. யாராவது அதை நிரப்பவேண்டும்.

நான் மூன்று முறை இருமினேன்.

இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங், தண்ணி வேணுங்களா?”

“வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, குரல் வந்த பக்கம் நடந்தேன்.